ஹெர்மிஸைப் பார்க்க எதைச் சுவாசித்துக்கொண்டு இறங்குவது?

போன மாதம் சென்னையிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டார். ஆறு வருடமாக ஸ்கூபா டைவிங் செய்கிறவர். 40 மீட்டர் வரை போகச் சான்றிதழ் வைத்திருக்கிறார். தண்ணீருக்குள் பதறாத ஆள். "அண்ணா, மட்டக்களப்புக்குப் போறேன், ஹெர்மிஸைப் பார்க்க. ஐம்பத்து மூணு மீட்டர்தானே, காத்துலயே போயிட்டு வந்துடலாம்னு சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்.

பத்து நிமிடம் பேசினேன். போனை வைத்த பிறகு, சொல்ல வேண்டியதில் பாதிகூடச் சொல்லவில்லை என்று தோன்றியது. இதே கேள்வியோடு இன்னும் பலர் இருப்பார்கள். அவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

ஹெர்மிஸ் பிரிட்டிஷ் கடற்படையின் விமானந்தாங்கிக் கப்பல். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக் கரைக்கு அப்பால் அதைக் குண்டு வீசி மூழ்கடித்தன. 307 பேர் இறந்தார்கள். 180 மீட்டருக்கு மேல் நீளமான அந்தக் கப்பல் இப்போது இடது பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. அதன் மேற்பகுதி சுமார் 42 மீட்டரில், மணல் தரை 53 மீட்டரில். டைவ் செய்கிறவர்களுக்கு இந்த இரண்டு எண்களும் மிகவும் சங்கடமானவை. பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லையாகப் பெரும்பாலான பயிற்சி அமைப்புகள் வைத்திருப்பது 40 மீட்டர். கப்பல் தொடங்குவதே அதற்குக் கீழேதான். அதே சமயம், யாராலும் எட்ட முடியாத ஆழமும் இல்லை. "கொஞ்சம்தானே கூட" என்று மனசு சொல்கிற தூரம் அது.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 53 மீட்டரில் கரையில் இருப்பதைப் போல 6.3 மடங்கு. சுற்றியிருக்கும் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமமாக, வாயில் வைத்திருக்கும் ரெகுலேட்டர் காற்றைத் தர வேண்டும், இல்லையென்றால் நெஞ்சை விரிக்கவே முடியாது. ஆக ஒவ்வொரு மூச்சிலும் ஆறு மடங்குக்கு மேல் நைட்ரஜன் உள்ளே போகிறது. கரையில் நம்மை எதுவும் செய்யாத அந்த வாயு, இந்த அழுத்தத்தில் மயக்க மருந்தைப் போல வேலை செய்கிறது. அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பென்கேயும் அவருடைய சகாக்களும் 1935இல்தான் காரணம் நைட்ரஜன் என்று சொன்னார்கள். அதற்கு முன் மூடிய இடத்துப் பயம் என்றும், காற்றில் கலந்த அசுத்தம் என்றும் சொன்னவர்கள் உண்டு.

ஒரு வாயு கொழுப்பில் எவ்வளவு கரைகிறதோ அவ்வளவுக்கு மயக்கும் என்பது 1900 வாக்கில் மேயர், ஓவர்டன் என்ற இரு விஞ்ஞானிகள் தனித்தனியாகக் கவனித்த விஷயம். மயக்க மருந்து நரம்பு செல்லில் சரியாக எங்கே வேலை செய்கிறது என்பதில் பிறகு நிறைய மாறிவிட்டது, புரதங்களைப் பற்றித்தான் இப்போது அதிகம் பேசுகிறார்கள். ஆனாலும் இந்தப் பழைய கணக்கு டைவர்களுக்கு இன்றும் உதவுகிறது. செனான் சாதாரண அழுத்தத்திலேயே ஆளைத் தூங்க வைக்கும். ஆர்கான் நைட்ரஜனைவிட மோசம். ஹீலியம் கொழுப்பில் மிகக் குறைவாகவே கரைகிறது, நாம் போகிற ஆழங்களில் மயக்குவதே இல்லை என்று சொல்லலாம். பின்னால் வரப்போகும் டிரைமிக்ஸ் என்ற ஹீலியக் கலவைக்கு இதுதான் அடிப்படை.

பெரும்பாலானவர்களுக்கு 30 மீட்டர் வாக்கில் ஏதோ வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும். டைவர்கள் "நார்க் ஆயிட்டேன்" என்பார்கள். முதலில் அடிபடுவது யோசிக்கும் திறன், அப்புறம் இப்போது நடந்ததை நினைவில் வைத்துக்கொள்வது, அதன் பிறகுதான் கை வேலை. கை ஒழுங்காக வேலை செய்வதைப் பார்த்து "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று முடிவு கட்டுவது அதனால்தான் ஆபத்து. எனக்கு இது புத்தகத்திலிருந்து தெரிந்த விஷயம் இல்லை.

சில வருடம் முன்பு, 38 மீட்டர். தண்ணீர் தெளிவு, வெதுவெதுப்பு, நீரோட்டம் இல்லை. கூட வந்தவர் "எவ்வளவு காற்று மிச்சம்?" என்று சைகையில் கேட்டார். பிரஷர் கேஜைப் பார்த்தேன். முள் 120இல் நின்றது. தலையை நிமிர்த்தி விரலால் காட்டப் போனேன், எண் போய்விட்டது. மறந்துபோன மாதிரிகூடத் தோன்றவில்லை. பார்க்கவே இல்லை என்றுதான் பட்டது. திரும்பப் பார்த்தேன். கேஜின் கண்ணாடி விளிம்பில் ஒரு சின்னக் கீறல் இருந்தது, அது அழகாக இருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயம் கொஞ்சமும் இல்லை, ரொம்ப நிம்மதியாக இருந்தது. அவர் என் கையைப் பிடித்து மேலே காட்டினார். 25 மீட்டருக்கு வந்ததும் யாரோ ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி எல்லாம் தெளிந்தது. படகில் ஏறியதும், "ஒண்ணும் ஆகலையே, ஏன் சீக்கிரம் கூட்டிட்டு வந்தீங்க?" என்று கேட்டேன். "நாலு தடவை கேஜைப் பார்த்தீங்க. அப்புறம் இருநூறுன்னு காட்டினீங்க" என்றார். காட்டியது எனக்கு நினைவே இல்லை. இருநூறு என்பது நாங்கள் இறங்கும்போது இருந்த அளவு.

அந்த நாலாவது தடவையைத்தான் தம்பியிடம் சொல்ல விரும்பினேன். தன் புத்தி எவ்வளவு மங்கியிருக்கிறது என்று அளந்து பார்க்க, மங்கிய அதே புத்தியைத்தான் பயன்படுத்த வேண்டும். அதனால் இது ஆழத்தில் எடுக்கிற முடிவு இல்லை. கரையில், வாயுவைத் தேர்ந்தெடுக்கும்போதே எடுத்துவிட வேண்டிய முடிவு.

சரி, இருக்கிற நாலு வழிகளையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதலில் காற்று. காற்றில் 53 மீட்டர் போக முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். போகிறார்கள். பிரான்சின் சட்டம் காற்றில் 60 மீட்டர் வரை அனுமதிக்கிறது. பிரிட்டனின் சப்-அக்வா கிளப் 50 மீட்டரை எல்லையாக வைத்திருக்கிறது. இவர்கள் அவசரக்காரர்கள் இல்லை. படிப்படியாக, பல டைவ்களில் ஆழத்தைக் கூட்டிப் பழக்குகிற மரபு அவர்களுடையது. ஆனால் அந்தப் பழக்கத்தைப் பற்றி ஒன்றைக் கவனிக்க வேண்டும். அடிக்கடி ஆழம் போகிறவர்களுக்கு மயங்குகிற உணர்வு குறைகிறது. சோதனை வைத்துப் பார்த்தால் யோசிக்கும் வேகம் பெரிதாகத் தேறுவதில்லை. பழகியவர்கள் நிதானமாக, குறைவான வேலைகளை, மனப்பாடமான வரிசையில் செய்யக் கற்றுக்கொள்கிறார்கள். எதிர்பார்த்தது மட்டும் நடக்கிறவரை அது போதும். எதிர்பாராதது வந்தால்தான் சிக்கல், அங்கே மனப்பாடம் உதவாது.

இன்னொன்று, பலர் பேசாத விஷயம், காற்றின் அடர்த்தி. ஆழத்தில் காற்று கனக்கிறது. பிரிட்டனின் கவின் அந்தோணியும் நியூசிலாந்தின் சைமன் மிட்செலும் சோதனை டைவ்களை அலசி, சுவாசிக்கும் வாயு லிட்டருக்கு 5.2 கிராமுக்குள் இருப்பது நல்லது, 6.2 கிராமைத் தாண்டக் கூடாது என்று பரிந்துரைத்தார்கள். காற்று சுமார் 31 மீட்டரிலேயே முதல் எல்லையைத் தொடுகிறது. 40 மீட்டரை எட்டுவதற்குள் இரண்டாவதையும் தாண்டிவிடுகிறது. 53 மீட்டரில் லிட்டருக்கு 8 கிராம் அளவுக்கு வருகிறது. அவ்வளவு கனத்த வாயுவை இழுத்து விடும்போது உடம்பிலிருந்து கரியமில வாயு சரியாக வெளியேறாது. நீரோட்டத்தை எதிர்த்துக் கொஞ்சம் காலடித்தாலே போதும், அது தேங்கிவிடும். ஹெர்மிஸ் மேல் நீரோட்டம் பலமாக இருக்கிற நாட்கள் உண்டு. தேங்கிய கரியமில வாயு தானே மயக்கும், நைட்ரஜன் மயக்கத்தையும் கூட்டும், கூடவே மூச்சு முட்டுகிற பீதியையும் கொண்டுவரும். தெளிவாக யோசிக்க வேண்டிய அந்த நிமிடத்தில் மூன்றும் ஒன்றாக வந்து நிற்கும்.

அழுத்த அறையில் உட்கார்ந்து 50 மீட்டர் சோதனை செய்து, "சிரிப்பு வந்துச்சு, அவ்வளவுதான்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். உளவியலாளர் ஆலன் பேட்லி 1966இல் இதைச் சோதித்தார். ஒரு தகட்டில் மாட்டியிருக்கும் திருகுகளைக் கழற்றி வேறு துளைகளில் மாட்டச் சொன்னார். ஒரே ஆழத்துக்கான அழுத்தம்தான், ஆனால் உலர்ந்த அறையைவிடத் திறந்த கடலில் டைவர்கள் மிக அதிகமாகத் தடுமாறினார்கள். அறையில் பார்த்த மயக்கத்தை வைத்துக் கடலைக் கணக்குப் போட முடியாது.

காற்றில் எவ்வளவு தூரம் போனார்கள் என்பதற்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. 1947இல் பிரெஞ்சுக் கடலாய்வாளர் குஸ்தோவின் குழுவைச் சேர்ந்த மோரிஸ் ஃபார்க் பிரான்சில் காற்றோடு இறங்கினார். கயிற்றில் இடைவெளி விட்டுப் பலகைகளைக் கட்டியிருந்தார்கள், எட்டிய ஆழத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கயிற்றை இழுத்து "நலம்" என்று சைகை அனுப்பிக்கொண்டே போனவரின் சைகை நின்றது. மேலே இழுத்தபோது உணர்வில்லை, பிழைக்கவும் இல்லை. 120 மீட்டர் பலகையில் அவருடைய கையெழுத்து இருந்தது. அவரால் எழுத முடிந்திருக்கிறது. திரும்ப வேண்டும் என்று முடிவெடுக்கத்தான் முடியவில்லை.

கடைசியாக அளவுக் கணக்கு. மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிக்கிறவர் 53 மீட்டரில் 126 லிட்டர் சுவாசிப்பார். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் (ஒரு பார் என்பது கிட்டத்தட்ட ஒரு வளிமண்டல அழுத்தம்) நிரப்பினால் 2,400 லிட்டர். தரையிலேயே உட்கார்ந்திருந்தால் 19 நிமிடத்தில் காலி, ஏறி வரவும் மற்றவருக்குக் கொடுக்கவும் ஒரு மூச்சுகூட மிஞ்சாது. உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற வழியில் நின்று நின்று வராமல் (அந்த நிறுத்தங்களைத்தான் டெகோ என்பார்கள்) நேரே மேலே வரலாம் என்று அட்டவணைகள் தருகிற நேரமோ ஐந்து நிமிட அளவுதான். முதுகில் ஒரே சிலிண்டரோடு ஹெர்மிஸின் தரையைத் தொட்டு வரலாம் என்று யாராவது அழைத்தால், மயக்கத்தைப் பற்றிப் பேசவே தேவையில்லை. அங்கேயே மறுத்துவிடுங்கள்.

அடுத்து நைட்ராக்ஸ், அதாவது ஆக்சிஜனைக் கூட்டி நைட்ரஜனைக் குறைத்த காற்று. அதைப் பற்றித் தம்பியும் கேட்டார், "நைட்ரஜன் குறைவு, அப்போ மயக்கமும் குறைவுதானே?" என்று. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் நைட்ரஜனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைப்பது ஆக்சிஜனை, அது கொழுப்பில் நைட்ரஜனைவிட நன்றாகவே கரைகிறது. உடம்பு ஆக்சிஜனைச் செலவழித்துவிடுவதால் எவ்வளவு மயக்கும் என்பதில் வாதம் ஓயவில்லை, ஆனாலும் நைட்ராக்ஸால் மயக்கம் குறையும் என்று நம்பித் திட்டம் போடக் கூடாது என்றுதான் பயிற்சியாளர்கள் சொல்கிறார்கள். அதைவிடப் பெரிய தடை வேறு. ஆக்சிஜனின் பகுதி அழுத்தம், அதாவது மொத்த அழுத்தத்தில் அதன் பங்கு, 1.4 பாரைத் தாண்டினால் வலிப்பு வரும் அபாயம் கூடத் தொடங்குகிறது. 32 சதவீத நைட்ராக்ஸுக்கு அந்த எல்லை சுமார் 33 மீட்டரிலேயே வந்துவிடும். 53 மீட்டரில் அது 2 பாரைத் தொடும். தண்ணீருக்குள் வலிப்பு வந்தால் வாயிலிருந்து ரெகுலேட்டர் நழுவும், மூழ்குவதுதான் மிச்சம். ஹெர்மிஸுக்கு நைட்ராக்ஸ் கிடையாது. 30 மீட்டருக்குள், டெகோ சுமையைக் குறைக்க அது அருமையான வாயு. அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் டிரைமிக்ஸ். ஆக்சிஜன், நைட்ரஜன், ஹீலியம் மூன்றும் கலந்தது. ஹீலியத்தின் அருமை 1939இலேயே தெரிந்துவிட்டது. அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் கரைக்கு அப்பால் ஸ்குவாலஸ் நீர்மூழ்கி 74 மீட்டர் ஆழத்தில் மூழ்கியது. உள்ளே உயிரோடு இருந்த 33 பேரை மணி வடிவ மீட்பு அறை கொண்டு காப்பாற்றினார்கள். அதன் பிறகு கப்பலையே தூக்க மாதக்கணக்கில் டைவர்கள் இறங்க வேண்டியிருந்தது. காற்றோடு இறங்கியவர்கள் தடுமாறினார்கள். ஹீலியமும் ஆக்சிஜனும் கலந்த வாயுவுக்கு மாறிய பிறகு வேலை நடந்தது, அதே வருடம் செப்டம்பரில் ஸ்குவாலஸ் துறைமுகம் வந்து சேர்ந்தது.

நமக்கு வேண்டிய கணக்கு எளிது. ஆழத்தோடு 10 கூட்டி, கலவையில் ஹீலியம் போக மிச்சமுள்ள பங்கால் பெருக்கி, 10 கழித்தால், காற்றில் எந்த ஆழத்துக்குச் சமமான மயக்கம் என்று கிடைக்கும். 21 சதவீத ஆக்சிஜனும் 35 சதவீத ஹீலியமும் உள்ள கலவையில் 53 மீட்டர் என்பது காற்றில் 31 மீட்டர் மாதிரி. 18 சதவீத ஆக்சிஜன், 45 சதவீத ஹீலியம் என்று கலந்தால் 25 மீட்டர் மாதிரி. எனக்கு எந்த ஆழத்தில் "ஜன்னல் திறந்ததோ" அந்த ஆழம். அடர்த்தியும் இறங்குகிறது. முதல் கலவை லிட்டருக்கு 5.8 கிராம் அளவில், இரண்டாவது 5 கிராம் அளவில் நிற்கும். புத்தி தெளிவாக இருக்கிறது என்பதைவிட, மூச்சு இலேசாக இருக்கிறது என்பதுதான் முதலில் தெரியும் என்று டிரைமிக்ஸ் டைவர்கள் பலர் சொல்வார்கள்.

சும்மா கிடைக்கிற நன்மை இல்லை இது. ஹீலியம் விலை அதிகம், எல்லா ஊரிலும் கிடைக்காது. இரட்டைச் சிலிண்டர், ஏறும்போது மாற்றிக்கொள்ள ஆக்சிஜன் அதிகமுள்ள தனிச் சிலிண்டர், டெகோ நிறுத்தங்கள், இவை எல்லாவற்றுக்கும் தனிப் பயிற்சி வேண்டும். தவறான ஆழத்தில் தவறான சிலிண்டரை வாயில் வைத்தால் டிரைமிக்ஸும் கொல்லும். மயக்கம் இல்லை என்பதால் வரம்பே இல்லை என்று நினைத்தாலும் அப்படித்தான். 2005இல் தென்னாப்பிரிக்காவின் பூஸ்மன்ஸ்காட் குழியில் 270 மீட்டர் ஆழத்தில் டேவ் ஷா இறந்தபோது அவர் சுவாசித்தது டிரைமிக்ஸ்தான். கயிற்றில் சிக்கிய நிலையில் உழைத்து உழைத்து, கரியமில வாயு தேங்கியதுதான் அவரைச் சாய்த்தது. 53 மீட்டர் அதோடு ஒப்பிடக்கூடியதே இல்லை. ஆனால் மூச்சிரைக்கும் வேலை எந்தக் கலவையையும் தோற்கடிக்கும் என்பது இங்கேயும் பொருந்தும். விடும் மூச்சைச் சுத்தம் செய்து திரும்பச் சுவாசிக்கத் தரும் ரீபிரீதர் கருவி வைத்திருப்பவர்களுக்கு ஹீலியம் மிகக் கொஞ்சமே செலவாகும். அந்தக் கருவியின் விலையும் பயிற்சியும் தனி உலகம், முதல் தடவை ஹெர்மிஸ் போகிறவருக்கு அது பதில் இல்லை.

"இந்த ஒரு டைவுக்குப் போய் ஹீலியத்துக்குச் செலவு பண்ணணுமா" என்கிற எண்ணம் யாருக்கும் வரும். 1992 அக்டோபரில் நியூ ஜெர்சிக்கு அப்பால், சுமார் 70 மீட்டரில் கிடக்கும் யூ-869 என்ற ஜெர்மன் நீர்மூழ்கிக்கு ஒரு தந்தையும் மகனும் இறங்கினார்கள். இருவரும் கலவை வாயுவில் அனுபவம் உள்ளவர்கள். அன்று செலவை நினைத்துக் காற்றிலேயே போனார்கள். உள்ளே ஏதோ சரிந்து மகன் மாட்டிக்கொண்டான். விடுவித்துக்கொண்டு வெளியே வந்தவர்கள் நிறுத்தங்கள் எதுவும் எடுக்காமல் நேரே மேலே வந்தார்கள், இருவருமே இறந்தார்கள். சரிந்ததற்கு நைட்ரஜன் காரணம் இல்லை. சரிந்த பிறகு என்ன செய்வது என்று யோசிக்க வேண்டியிருந்தபோது அவர்கள் 70 மீட்டரில் காற்றைச் சுவாசித்துக்கொண்டிருந்தார்கள்.

நாலாவது வழி, ஹெர்மிஸுக்கு இப்போது போகாமல் இருப்பது. இதைத் தோல்வியாக நினைக்காதீர்கள். அதே 1942 ஏப்ரல் 9 அன்று, அதே விமானங்களின் தாக்குதலில் பிரிட்டிஷ் சார்ஜென்ட் என்ற எண்ணெய்க் கப்பலும் அந்தக் கரைக்கு அருகில் மூழ்கியது. அது கிடப்பது சுமார் 24 மீட்டரில். காற்றோ நைட்ராக்ஸோ போதும், மயக்கம் பெரிதாக எட்டாது, நிதானமாகச் சுற்றிப் பார்க்கலாம், பார்த்தது நினைவிலும் இருக்கும். நினைவில் இருக்கும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். 50 மீட்டரில் காற்றோடு போய்வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "பெரிசா இருந்துச்சு" என்பதற்கு மேல் பலருக்கு வராது. 307 பேர் உறங்குகிற இடத்துக்கு இவ்வளவு தூரம் போய், அங்கே என்ன இருந்தது என்றே தெரியாமல் திரும்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆக என் பதில் இது. 40 மீட்டருக்குள் காற்று போதும், வேலை குறைவாக இருக்கட்டும், இறங்குவது மெதுவாக இருக்கட்டும், முந்தின இரவு குடிக்காமல் தூங்கியிருக்க வேண்டும், தூக்கம் வர வைக்கும் வாந்தி மாத்திரை போட்டுக்கொள்ளக் கூடாது. ஹெர்மிஸின் மேற்பகுதியை மட்டும் காற்றில் எட்டிப் பார்க்கலாம் என்கிற நடுவழியை நான் முழுக்க மறுக்கவில்லை. டெகோ பயிற்சி, இரட்டைச் சிலிண்டர், அந்த ஆழத்தில் பல டைவ் செய்த கூட்டாளி, நீரோட்டம் இல்லாத நாள், இவை நாலும் சேர்ந்தால் யோசிக்கலாம். ஆனால் 42இல் நிற்கிறவரின் கண் 53இல் இருக்கும். கீழே தெரிகிற பீரங்கியைப் பார்த்து "இன்னும் கொஞ்சம்" என்று தோன்றும்போது, வேண்டாம் என்று சொல்ல வேண்டிய ஆள் ஏற்கெனவே பாதி மயக்கத்தில் இருப்பார். தம்பிக்கு அந்த நடுவழியை நான் சொல்ல மாட்டேன். கப்பலை முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் டிரைமிக்ஸ், அதுவரைக்கும் பிரிட்டிஷ் சார்ஜென்ட்.

இரண்டு நாள் கழித்துத் தம்பியிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. இந்தத் தடவை 24 மீட்டரோடு நிறுத்திக்கொள்வதாகவும், அடுத்த சீசனுக்குள் டிரைமிக்ஸ் வகுப்பை முடிக்கப் போவதாகவும் எழுதியிருந்தார். எவ்வளவு ஹீலியம் வேண்டியிருக்கும் என்றும் கேட்டிருந்தார். 12 லிட்டர் சிலிண்டர் இரண்டு, 200 பார், மொத்தம் 4,800 லிட்டர். 35 சதவீதம் என்றால் 1,680 லிட்டர் ஹீலியம், 45 சதவீதம் என்றால் 2,160. விமான டிக்கெட் போடும் முன்பே அங்கே இருக்கிற டைவ் சென்டரில் இந்த எண்ணைச் சொல்லி, கிடைக்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன்.